லேப்டாப்பும் கையுமாக உங்கள் பிள்ளையா?

இன்ஜினீயரிங்கோ பி.சி.ஏ.வோ படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இப்போது ஒரே புகார்தான். "ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் லேப்டாப்போட உட்கார்ந்திருக்கான் டாக்டர். பரீட்சைக்குப் படிக்கிறானான்னா அதுவும் இல்ல. ஏதோ வெப்சைட் செய்றேங்கிறான்." பெற்றோர் பலர் இதைச் சினிமா, வீடியோ கேம்ஸோடு சேர்த்து ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வைத்தியம் சொல்வதற்கு முன், பிள்ளை அப்படி என்னதான் செய்கிறான் என்று பார்த்துவிடலாம்.

உடம்பை வைத்தே சொல்கிறேன். ஹெச்.டி.எம்.எல். என்பது எலும்புக்கூடு. தலைப்பு எங்கே, படம் எங்கே, பட்டன் எங்கே என்று நிறுத்துவது அது. சி.எஸ்.எஸ். என்பது தோலும் நிறமும். ஜாவாஸ்கிரிப்ட்தான் நரம்பும் தசையும். பட்டனை அமுக்கினால் கணக்குப் போட வேண்டும், பக்கம் அசைய வேண்டும் என்றால் அது வேண்டும். (1995-ல் பிரெண்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினாராம்!) கழுத்து வலி என்று வந்த ஒரு மாணவர், தங்கள் ஊர் டவுன் பஸ் நேரங்களைத் தொகுத்து, அடுத்த பஸ் எப்போது என்று காட்டும் பக்கம் ஒன்றைச் செய்திருந்தார். யாரும் செய்யச் சொல்லவில்லை, மார்க்கும் கிடையாது. இதைப் போய் வெட்டி வேலை என்று எப்படிச் சொல்வது?

சரி, ஏன் எழுந்திருக்க மாட்டேங்கிறார்கள்? ஒரே ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் போதும், எழுதிய அத்தனையும் ஓடாமல் நின்றுவிடும். எங்கே தப்பு என்று தேடும்போது பத்து விஷயங்களை மனதில் அடுக்கி வைத்திருப்பான். நடுவில் "சாப்பிட வாடா" என்று கூப்பிட்டால் அடுக்கு சரிந்துவிடும். எரிந்து விழுவது அதனால்தான். "பத்து நிமிஷத்துல தட்டு வைக்கப் போறேன்" என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள். பாதிச் சண்டை குறையும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கிடைக்காத தப்பு, தூங்கி எழுந்ததும் அஞ்சே நிமிஷத்தில் கண்ணில் படுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அசந்துபோன மூளை, எழுதியிருப்பதைப் படிக்காது. எழுத நினைத்ததைத்தான் படிக்கும். தட்டி எழுப்பக் காபி குடித்தால், அதிலுள்ள காஃபீனில் பாதி அஞ்சு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். சாயங்காலத்தோடு காபியை நிறுத்துங்கள். இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கையான பழக்கம் உண்டு. தப்பு பிடிபடாவிட்டால், மேஜைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, எழுதியதை வரிவரியாக அதற்கு விளக்கிச் சொல்வார்கள். சொல்லும்போதே தப்பு தெரிந்துவிடுமாம். வாத்துக்குப் பதிலாக வீட்டிலிருக்கும் பாட்டியிடம் சொல்லிப் பாருங்களேன்! கேட்க ஆள் கிடைத்த மாதிரியும் ஆச்சு.

கண்ணுக்கு வருவோம். சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். கண் உலர்ந்து எரிவது இதனால்தான். டேபிள் ஃபேன் முகத்துக்கு நேராக ஓடினால் இன்னும் மோசம். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருப்பதை 20 விநாடி பார்க்க வேண்டும். ஹாஸ்டல் ரூமில் 20 அடிக்கு எங்கே போவது? ஜன்னல் வழியே எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பொன்னாங்கண்ணிக் கீரை உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதைத் தின்றால் கண்ணாடி கழன்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடவும் வேண்டாம். கண் டாக்டரிடம் ஒருமுறை பவர் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது கழுத்து. தலையின் எடை சுமார் 5 கிலோ. குனியக் குனிய அந்தச் சுமை கழுத்துக்குப் பல மடங்காகிறது. கட்டிலில் படுத்து, வயிற்றின்மேல் லேப்டாப்பை வைத்துத் தட்டுவது கண்டிப்பாகக் கூடாது. மேஜையில் நாலைந்து பழைய புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொடுங்கள். சில நூறு ரூபாய்தான்.

ராத்திரி விழிப்பால் பித்தம் மிஞ்சும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. அதோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பது, பதினோரு மணிப் பரோட்டா, தண்ணீர் குடிக்க மறப்பது எல்லாம் சேர்ந்தால் மலச்சிக்கல், கடைசியில் மூலம். நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, பகல் தூக்கம் கூடாது என்று தேரையர் நோய் அணுகா விதியில் சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை நல்லெண்ணெய்க் குளியல் எடுத்தாலே புண்ணியம். காய்ச்சலோ சளியோ இருந்தால் வேண்டாம். மத்தியானம் சீரகம் தட்டிப் போட்ட நீர்மோர் கொடுங்கள். மலச்சிக்கல் இருந்தால் இரவில் கடுக்காய்ப் பொடி அரை டீஸ்பூன், வெந்நீரில், ஒரு வாரம் மட்டும். மலத்தில் ரத்தம் தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ராத்திரியில் மரத்துப்போகிறது, கையை உதறினால் சரியாகிறது என்று பிள்ளை சொன்னால் "சும்மா சொல்றான்" என்று விட்டுவிடாதீர்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே காட்டினால் ஓய்விலும் மணிக்கட்டுப் பட்டையிலுமே பலருக்கும் சரியாகிவிடும். நாள்பட விட்டால் ஆபரேஷன்வரை போகலாம்.