பிள்ளைச் சோறு – 9: எந்தப் பால்? எவ்வளவு பால்?

குழந்தைக்கு முதல் கவளம் ஊட்டுவது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்து, என்னிடம் வரும் தாய்மார்கள் தவறாமல் கேட்பது பாலைப் பற்றித்தான். "நீலப் பாக்கெட் வாங்கலாமா, ஆரஞ்சா? பசும்பால் நல்லதா, எருமைப் பாலா?" பாக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் வயதைப் பார்க்க வேண்டும்.

முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். நம் ஊர்களில் இன்றும் கழுதையை ஓட்டிக்கொண்டு "கழுதைப் பாலு" என்று கூவி வருகிறார்கள். வாசலிலேயே கறந்து, காய்ச்சாமல், பச்சைக் குழந்தையின் வாயில் சங்கால் புகட்டுகிறார்கள். சீர் தட்டாது, குரல் நன்றாக வரும் என்று பாட்டிமார்கள் நம்புகிறார்கள். பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. காய்ச்சாத பாலில் நோய்க்கிருமி இருக்கலாம். பிறந்த குழந்தைக்கு அதைத் தாங்கும் வலு கிடையாது.

ஒரு வயது முடியும்வரை பசும்பாலையும் எருமைப் பாலையும் முக்கிய ஆகாரமாகக் கொடுக்க வேண்டாம். 100 மில்லி தாய்ப்பாலில் ஏறக்குறைய 1 கிராம் புரதம் இருக்கிறது. பசும்பாலில் அது 3 கிராமுக்கு மேல், எருமைப் பாலில் 4 கிராம் அளவில். உப்புச் சத்துகளும் அதிகம். கன்றுக்குட்டியின் வேகமான வளர்ச்சிக்கு அது சரி. நம் பிள்ளையின் சிறுநீரகத்துக்கு அது பாரம். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியவும் செய்யும். தண்ணீர் கலந்து கொடுத்தால், வளரத் தேவையான சக்தியும் சேர்ந்து குறைந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு தயிர்சாதம் பிசைந்து ஊட்டலாம், கஞ்சியில் கொஞ்சம் பால் சேர்க்கலாம். அதில் தவறில்லை.

தாய்ப்பால் கிடைக்க வழியே இல்லாத கைக்குழந்தைக்கு, மருத்துவர் சொல்லும் பால் பவுடரை டப்பாவில் போட்டிருக்கும் அளவு பிசகாமல் கரைத்துக் கொடுங்கள். சிக்கனம் கருதி நீர்க்கக் கரைத்தால் குழந்தை மெலிந்துபோகும். புட்டியைவிடப் பாலாடை நல்லது. கழுவுவது எளிது, கிருமி தங்க இடமில்லை.

ஒரு வயது முடிந்ததும் வீட்டுப் பாலுக்கு வரலாம். தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம். இந்த வயதுக்கென்று விற்கும் விலை உயர்ந்த பால் பவுடர்கள் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

பாக்கெட்டின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதில் அச்சிட்டிருக்கும் கொழுப்பு அளவைப் படியுங்கள். நிறை கொழுப்புப் பாலில் 6 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் 4.5, சமன்படுத்திய பாலில் 3, இருமுறை சமன்படுத்தியதில் 1.5. சமன்படுத்திய பால் என்றதும் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். 1940-களில் பம்பாயில் தாரா குரோடி கொண்டுவந்த முறை அது. கொழுப்பு மிகுந்த எருமைப் பாலோடு கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் தண்ணீரும் சேர்த்து, குறைந்த விலையில் நிறையப் பேருக்குப் பால் கிடைக்கச் செய்தார்கள். 

இரண்டு வயதுவரை மூளை வளர்ச்சிக்குக் கொழுப்பு அவசியம். அதனால் அதுவரை 1.5 சதவீதப் பாலைத் தவிருங்கள். பசும்பாலோ 4.5 சதவீதப் பாலோ பொருத்தம். எடை நன்றாக ஏறும் பிள்ளைக்கு 3 சதவீதமும் போதும். இரண்டு வயதுக்குப் பிறகு வீட்டில் எல்லாரும் குடிக்கும் பாலே பிள்ளைக்கும் ஆகும். எந்தப் பாலானாலும் பொங்கக் காய்ச்சி, சர்க்கரையும் சத்துமாவுப் பவுடரும் போடாமல் கொடுங்கள்.

எந்தப் பால் என்று இவ்வளவு கேட்பவர்கள், எவ்வளவு பால் என்று கேட்பதே இல்லை. எனக்குக் கவலை அதில்தான்.

ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கன்னம் கொழுகொழுவென்று இருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால், சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடக்கும். நகக்கண்ணிலும் ரத்த ஓட்டம் தெரியாது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா பால் குடிக்கிறான்?" என்று கேட்டால், "அஞ்சாறு பாட்டில் போகும் டாக்டர். சோத்தைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறான். பாலாவது குடிக்கிறானேன்னு விட்டுட்டோம்" என்பார் அம்மா.

அந்தப் பால்தான் அவன் பசியைத் தின்றுவிடுகிறது. இந்த வயதில் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. ஒரு லிட்டர் பசும்பாலில் அரை மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் கேசீன் என்ற புரதமும், சாப்பாட்டில் இருக்கும் இரும்பு உடம்பில் சேராமல் தடுக்கவும் செய்கின்றன. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்குக் காரணங்கள் பல. நம் வீட்டிலேயே நாம் சரிசெய்யக்கூடிய காரணம் இந்த அளவு மீறிய பால்.

ஒன்று முதல் ஐந்து வயதுவரை நாளுக்கு 400 முதல் 500 மில்லி போதும், அதாவது இரண்டு டம்ளர். சாப்பாட்டுக்கு முன்னால் பால் கொடுக்காதீர்கள். வாயில் பாட்டிலோடு தூங்கவிட்டால் பல் சொத்தையாகும். பாலுக்குப் பதில் டீ கொடுப்பதும் தவறு, அதுவும் இரும்பைத் தடுக்கும்.

இன்றைக்கே உங்கள் பிள்ளை குடிக்கும் பாலை ஒரு முறை அளந்து பாருங்கள். அரை லிட்டரைத் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அந்தப் பசிக்குப் பருப்புச் சாதமும் கீரையும் முட்டையும் ஊட்டுங்கள். இமை வெளுத்திருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

(தொடரும்)