கூட்டிப் பெருகாத வேகம்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் ரயிலில், ஒருவர் எஞ்சின் இருக்கும் திசையில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடக்கிறார் என்று கொள்வோம். பாதையோரம் நிற்பவரின் கணக்கில் அவருடைய வேகம் 65 கி.மீ. அப்படியானால், ரயிலின் முகப்பு விளக்கிலிருந்து புறப்படும் ஒளியோடும் ரயிலின் வேகத்தைக் கூட்டலாமா?

கூடாது என்றார் ஐன்ஸ்டீன். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. ஒளி தரும் பொருள் நின்றாலும் ஓடினாலும், சீரான வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் எவர் அளந்தாலும், இவ்வேகம் மாறாது. 1905-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் கொள்கையின் இரு தூண்களுள் இது ஒன்று. சீராகச் செல்லும் எல்லாருக்கும் இயற்கை விதிகள் ஒன்றே என்பது மற்றொன்று.

இதை எவ்வாறு சோதிப்பது? ரயில் போதாது, அதன் வேகம் ஒளியின் வேகத்தில் ஒரு கோடியே எண்பது லட்சத்தில் ஒரு பங்குதான். ஆகவே ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1964-இல், அணுத்துகளையே விளக்காகக் கொண்டனர். விரைந்து வரும் புரோட்டான்களைப் பெரிலியத்தின் மீது மோதச் செய்தபோது, மின்னூட்டமற்ற பையான்கள் தோன்றின. அவை ஒளியின் வேகத்தில் 99.975 சதவீத வேகத்தில் பாய்ந்தன. பையான் தோன்றிய மாத்திரத்திலேயே சிதைந்து காமாக் கதிர்களாகிவிடும். காமாக் கதிரும் ஒளியின் இனமே. வேகங்கள் கூடுமானால், முன்னோக்கிச் செல்லும் கதிர் விநாடிக்குச் சுமார் 6 லட்சம் கி.மீ. சென்றிருக்க வேண்டும். அளந்து பார்த்ததில் கிடைத்ததோ அதே 3 லட்சம்தான்!

வேகங்களைச் சேர்க்கும் சரியான விதி யாது? இரு வேகங்களையும் ஒளியின் வேகத்தின் பங்குகளாக எழுதுங்கள். அவற்றின் கூட்டுத்தொகையை, அவற்றின் பெருக்குத்தொகையோடு 1 சேர்த்து வரும் எண்ணால் வகுங்கள். அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்று வராது. ஐந்தில் நான்கு பங்கே வரும். அரையோடு ஒளியின் வேகமாகிய ஒன்றைச் சேர்த்தால், விடை மீண்டும் ஒன்றே. ரயில் பயணியின் 65-இலும் சிறு குறைவு உண்டு. எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு நுண்ணிய குறைவு அது.

வேகம் என்பது தூரத்தைக் காலத்தால் வகுத்துப் பெறுவது. ஒளியின் வேகம் மாறாதிருக்க வேண்டுமானால் தூரமும் காலமும் ஆளுக்கு ஆள் மாறியே தீர வேண்டும். எல்லாருக்கும் பொதுவான ஒரே கடிகாரம் உண்டு என்ற நெடுநாளைய நம்பிக்கையைக் கைவிட வேண்டியதாயிற்று.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. ஓய்விலுள்ள மியூயான் என்னும் துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அதே செர்ன் கூடத்தில் ஒளியின் வேகத்தில் 99.94 சதவீத வேகத்தில் வளையமொன்றில் சுற்றிவந்த மியூயான்கள், நம் கடிகாரப்படி சராசரியாக 64 மைக்ரோ விநாடி வாழ்ந்தன. 1977-இல் வெளியான முடிவு இது.

இன்று அளவுகோலே ஒளியை நம்பி நிற்கிறது. ஒளி வெற்றிடத்தில் ஒரு விநாடியில் செல்லும் தூரத்தை 29,97,92,458 பங்குகளாக்கினால், அதில் ஒரு பங்கே ஒரு மீட்டர் என்று 1983-இல் உலக நாடுகள் வகுத்துக்கொண்டன.