நூற்றைம்பது ரூபாய் நைட்டியும் நுகர்வோர் அறமும்

திண்டுக்கல் மாவட்டத்துக் குடியிருப்பு ஒன்றில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில், மில்களிலும் ஆயத்த ஆடை ஆலைகளிலும் நம் பெண்கள் படும் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு தாய் எழுந்தார். “சந்தையில நூத்தம்பது ரூபா நைட்டிதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். அதை வாங்குறதும் தப்புன்னா நாங்க எதை உடுத்துறது வக்கீலம்மா?” அவர் மகளும் மில் தொழிலாளி. மூன்றாண்டு முடித்தால் மொத்தமாகத் தொகை கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பிச் சேர்ந்தவர்.

அறம் சார்ந்த நுகர்வு குறித்து எழுதுவோர் பலரும் கையில் உபரிப் பணம் உள்ளவரையே மனத்தில் கொள்கின்றனர். கூடுதல் விலை கொடுத்தால் நேர்மையான பொருள் கிடைத்துவிடும் என்பது அவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு பிழையானது.

2021 சனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலையொன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் கொலையுண்டு கிடந்தார். ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அந்த ஆலை தைத்தது சந்தைக்கடைக்கு அன்று. உலகப் பெயர் பெற்ற பிராண்டுகளுக்கு. விலைச்சீட்டின் உயரம் அப்பெண்ணைக் காக்கவில்லை.

நிலைமையை மாற்றியது ஓர் ஒப்பந்தம். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளுடன் சேர்ந்து போராடி, 2022இல் ஈஸ்ட்மேன் நிறுவனத்துடனும் எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் அதைச் செய்துகொண்டது. பாலினம், சாதி, புலம்பெயர்வு ஆகியவற்றின் பேரிலான பாகுபாடும் வன்முறையும் அதில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டுள்ளன. தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் தளத்தில் இருப்பர். அவர்கள் புகாரை எழுப்புவர். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வணிக விளைவுகளைச் சுமத்தும் கடமை பிராண்டுக்கு உண்டு. நன்னடத்தை அறிக்கைகள் எத்தனையோ அச்சிடப்பட்டுள்ளன. மீறினால் என்ன ஆகும் என்று அவற்றில் பெரும்பாலானவை சொல்வதில்லை. இது சொல்கிறது.

ஆகவே நெருக்கடியில் இருப்பவரிடம் கேட்க வேண்டியது கூடுதல் பணமன்று. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கூலி கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு வேலை வாங்குபவருடையது; அதைத் தடுக்கும் கடமை அரசுடையது. நைட்டி வாங்கியவர் அந்த வழக்கில் எதிர்மனுதாரர் அல்லர்.

காசு செலவில்லாத சில செயல்களும் உள்ளன. தமிழ்நாட்டில் கடைப் பணியாளர் அனைவருக்கும் அமர இருக்கை தர வேண்டும் என்பது 2021 முதல் சட்டம். துணி எடுக்கப் போகும் கடையில் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதலாம். குளிரூட்டிய கடையில் ஒட்டிய விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு, நடைபாதை வியாபாரியிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டும் பழக்கத்தையும் விடலாம். (நானும் செய்ததுண்டு.)

அந்தத் தாய்க்கு அன்று இவ்வளவு தெளிவாக நான் விடை சொல்லவில்லை. மகளின் சம்பளச் சீட்டுகளை எடுத்து வரச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தார். பிடித்தம் என்ற பத்தியில் எதற்கென்று எழுதப்படாத ஒரு தொகை மாதந்தோறும் இருந்தது, மனு தயாராகிறது.