ஞானப்பல்லும் ஈறும்: அடிக்கடி எழும் ஐயங்கள்

ஏலத்தோட்ட வேலைக்காகப் போடிமெட்டு, குமுளி வழியே மலையேறுவோர் பலர், கடைவாயில் வலி வந்தால் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு வேலையைத் தொடர்கின்றனர். எங்களிடம் வந்து சேரும்போது சிலரால் வாயைத் திறக்கவே இயலுவதில்லை.

ஞானப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். தாடையில் இடம் போதாவிடில் பாதி வெளிவந்து நின்றுவிடும். மீதியை ஈறு மடிப்பாக மூடியிருக்கும். அம்மடிப்பின் அடியில் உணவுத் துகள் தங்கும், பல்துலக்கி எட்டாது, கிருமிகள் பெருகிச் சீழ் பிடிக்கும். வீங்கிய ஈற்றை மேற்பல் கடிக்கக் கடிக்க வலி கூடும். கடையில் தாமாக வாங்கும் மாத்திரையால் வலி அடங்கலாம். மடிப்பு அங்கேயே இருப்பதால் தொல்லை திரும்பி வரும். வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிப்பது நன்று. கன்னத்தில் சூட்டு ஒத்தடம் வேண்டாம். கிராம்பு எண்ணெயை நேரடியாகத் தடவினால் ஈறு புண்ணாகும்.

எல்லா ஞானப்பற்களையும் எடுக்க வேண்டியதில்லை. தொல்லை தராத பல்லை முன்கூட்டியே அகற்ற வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் 2000ஆம் ஆண்டிலேயே கூறியது. மீண்டும் மீண்டும் சீழ் பிடித்தாலோ அடுத்த பல் சொத்தையானாலோ எடுப்பதே முறை. பல்லை எடுத்தால் கண்பார்வை குறையும் என்ற அச்சம் இன்றும் வீடுகளில் உள்ளது. கண்ணுக்குச் செல்லும் நரம்பு வேறு. அதற்கும் பல்லுக்கும் தொடர்பில்லை. கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு பல்லின் வேருக்கு அருகில் ஓடக்கூடும். எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது அதனால்தான்.

பல் எடுத்த பின் 24 மணி நேரம் கொப்பளிக்கவோ வேகமாகத் துப்பவோ கூடாது. உறைந்த இரத்தம் பெயர்ந்தால் குழியில் கடும் வலி உண்டாகும். புகையும் புகையிலையும் அதே தீங்கைச் செய்யும்.

ஈற்றில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்துகின்றனர், அது தவறு. படிந்த அழுக்கே கசிவுக்குக் காரணம். காரையை அகற்றினால் பல் ஆடும் என்பதும் சரியன்று: ஈறு முன்பே தேய்ந்திருந்ததைக் காரை மறைத்திருந்தது, அவ்வளவே. புகைப்போரிடம் ஈற்று நோய் முற்றியும் கசிவு தெரியாமல் போகலாம். சர்க்கரை நோயாளிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈற்றைக் காட்டுவது நல்லது. ஈறு அழற்சி சர்க்கரை அளவையும் உயர்த்தும்.

தாடைக்கடியில் வீக்கம், காய்ச்சல், இரு விரல் நுழையாத வாய், எச்சில் விழுங்க இயலாமை, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராதீர்கள். சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுவழி அடைபடும். மலையில் இருப்போர் அன்றிரவே வண்டி பிடித்துக் கீழே இறங்க வேண்டும். வண்டி இல்லையெனில் 108ஐ அழையுங்கள்.