அக்காளும் தங்கையும்

தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரையில் நடைபெறும் ஒரு வழக்கத்தைத் திருச்சியில் அறியாதவர் குறைவு. சமயபுரம் மாரியம்மன் திருவரங்கத்து அரங்கநாதருக்குத் தங்கை என்பது மக்களின் நம்பிக்கை. ஆகவே அண்ணனின் கோயிலிலிருந்து தங்கைக்குப் புடவை, மாலை, பழம் என்று சீர்வரிசை வந்து சேர்கிறது. நம் வீடுகளிலும் இதே முறைதான். கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு ஆடிச் சீர், பொங்கல் சீர் என்று பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ கொண்டு போகிறார். அவள் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடிதான் வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் மாமன் முறைக்குக் குறைவில்லை.

அக்காளுக்கும் தங்கைக்கும் இப்படி என்ன சடங்கு உண்டு? யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பால் தலைவாரி, ஒரே தாவணிக்குச் சண்டையிட்டு வளர்ந்த இருவரில் ஒருத்தி தஞ்சாவூருக்கும் மற்றொருத்தி திண்டுக்கல்லுக்கும் வாழ்க்கைப்பட்டுப் போனால், அதன்பின் இவள் அவளைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எந்த முறையும் கட்டாயப்படுத்துவதில்லை. அண்ணன் வராவிட்டால் ஊர் கேட்கும். அக்காள் வராவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார். எனவே உடன்பிறந்த பெண்களின் உறவு முழுவதும் அவர்களுடைய அன்பையும், அவரவருக்கு அமைந்த வாழ்க்கை நிலையையும் பொறுத்தே நிற்கிறது. வரும் தை மாதம் என் அக்காளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால் இதைப்பற்றி எண்ணத் தொடங்கினேன்.

சடங்கு இல்லாவிட்டாலும் நம் தமிழ்மொழி ஒரு காரியம் செய்திருக்கிறது. தாயின் அக்காள் பெரியம்மா; தாயின் தங்கை சின்னம்மா, அதாவது சித்தி. இருவர் பெயரிலும் தாய் இருக்கிறாள். அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கை முறை. ஆங்கிலத்தில் எல்லோரும் 'ஆன்ட்டி'தான். ஆனால் 'சித்தி' என்ற சொல்லுக்கு மாற்றாந்தாய் என்ற பொருளும் உண்டு. அக்காள் இறந்துவிட்டால், அவள் பிள்ளைகளை வளர்க்கத் தங்கையையே அத்தானுக்கு மணமுடிக்கும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. பிள்ளைகளுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்தத் தங்கையின் விருப்பத்தை எத்தனை பேர் கேட்டார்களோ!

சித்தி என்றதும் வாலாம்பாள் அம்மையாரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. இவர் சகோதரி சுப்புலட்சுமியின் சித்தி. வாலாம்பாளின் அக்காள் விசாலாட்சி கணவரோடும் குழந்தைகளோடும் வாழ்ந்தார். வாலாம்பாளோ இளம் வயதிலேயே கணவனை இழந்து அக்காள் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்நாளில் விதவைப் பெண் கல்யாணப் பந்தலுக்குள் முன்வரக் கூடாது. மங்கல காரியம் எதிலும் அவளுக்கு இடமில்லை. அக்காள் வீட்டில் அடைக்கலம் புகுந்த எத்தனையோ விதவைத் தங்கைகள் சம்பளமில்லாச் சமையற்காரிகளாக அடுப்படியிலேயே காலம் கழித்தார்கள். அக்காளின் அன்பு உண்மையாக இருந்தாலும் அந்த நிலை மாறிவிடவில்லை.

1886-இல் பிறந்த விசாலாட்சியின் மூத்த மகள் சுப்புலட்சுமியும் சிறுமியாயிருந்தபோதே விதவையானாள். சித்திக்கு நேர்ந்ததே மகளுக்கும் நேர்ந்தது. ஆனால் இம்முறை பெற்றோர் அவளை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார்கள். பிரசென்டேஷன் கன்னியர் நடத்திய பள்ளியில் அவர் பயின்றார். அக்கன்னியரின் தொண்டு அவர் மனத்தில் பதிந்தது. 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்ற அவர், இளம் விதவைகள் தங்கிப் படிக்க ஓர் இல்லம் தொடங்கினார். அவர் துறவற சபை எதிலும் சேரவில்லை; ஆயினும் 'சிஸ்டர் சுப்புலட்சுமி' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அவ்வில்லத்தில் சுப்புலட்சுமி கல்வியைக் கவனித்தார். வந்து சேர்ந்த சிறுமிகளுக்குச் சோறு போட்டு, தலைவாரி, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்து, இரவில் அழுதால் தேற்றி வளர்க்க ஒரு தாய் வேண்டுமே! அந்தப் பொறுப்பை வாலாம்பாள் ஏற்றார். அக்காள் வீட்டில் அண்டியிருந்தவர் ஓர் இல்லத்தின் தாயானார். விடுதி பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுசுக்கு மாறியது. இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குவது அக்கட்டடமே. விசாலாட்சி பெற்ற மகளும் அவருடைய தங்கையுமாகச் சேர்ந்து செய்த பணி இது. எனக்கு வியப்பாக இருப்பது விசாலாட்சிதான். வீட்டுக்கு ஒத்தாசையாக இருந்த தங்கையையும் மூத்த மகளையும் சேர்த்து அனுப்ப எத்தனை அக்காள்மாருக்கு மனம் வரும்?

திருமணமான பெண் தன் உடன்பிறந்தவளுக்கு உதவ வேண்டுமானால் கணவரின் மனமும் ஒத்துழைக்க வேண்டும். நம் திருச்சிக்கு அருகிலுள்ள புதுக்கோட்டையில், அதே 1886-ஆம் ஆண்டில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர் 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையை அவர் முன்வைத்தார், அவரும் ஏற்றார். திருமணத்திற்கு நகை, பாத்திரம் பேசுவோர் இதையும் பேசலாம் என்று தோன்றுகிறது. அவருடைய தங்கை நல்லமுத்து பின்னாளில் சென்னை இராணி மேரிக் கல்லூரியின் முதல்வராக உயர்ந்தார். மற்றொரு தங்கை புற்றுநோயால் மடிந்தார். தாமே டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியாத துயரம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அத்துயரத்தின் பயனாக 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தங்கைக்காக ஓர் அக்காள் அழுத கண்ணீரால் இன்றும் முன்பின் அறியாத எத்தனையோ குடும்பங்கள் பயன் பெறுகின்றன.

இனி, திருமணம் வேண்டாம் என்று தாமே தேர்ந்துகொண்டவர்களைப் பார்ப்போம். துறவறம் பூண்ட பெண்ணும் தன் வீட்டைவிட்டுப் போகிறவள்தான். புனித குழந்தை தெரேசாளின் குடும்பத்தைப்போல் இதற்குச் சான்று வேறில்லை. அவருடைய தாய் செலியும் பெரியம்மா எலிசும் இணைபிரியாத சகோதரிகள். செலியும் கன்னியாஸ்திரியாகவே விரும்பினார், மடத்தில் ஏற்கவில்லை. 1858-ஆம் ஆண்டு எலிஸ் லெ மான் நகரிலிருந்த விசிட்டேஷன் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூலையில் செலிக்கு அலென்சோன் நகரில் திருமணம். அன்றே புதுமணப்பெண் கணவருடன் லெ மானுக்குச் சென்று, மடத்தில் இருந்த அக்காளைக் கண்டு விம்மி விம்மி அழுதார். இதைப் பிற்காலத்தில் தம் மகளுக்கு அவரே எழுதினார். மணக்கோலத்தில் அழும் பெண்களை நாமும் பார்த்திருக்கிறோம். பெற்றோருக்காக அழுகிறாள் என்று எண்ணிக்கொள்கிறோம்.

அந்த உறவு அறுந்து போகவில்லை. செலி லேஸ் பின்னும் தொழிலை நடத்திக்கொண்டு ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார்; அவர்களில் ஐந்து பெண்களே பிழைத்தனர். இத்தனை வேலைக்கு இடையிலும் அக்காளுக்குக் கடிதம் எழுதினார். மூத்த மகள்கள் மரியையும் பொலினையும் பெரியம்மாவின் மடத்துப் பள்ளியிலேயே தங்கிப் படிக்க அனுப்பினார். மணமாகாத பெரியம்மா அங்கே அவர்களுக்குத் தாயாக இருந்தார். 1877 பிப்ரவரியில் எலிஸ் இறந்தார். ஆறு மாதத்தில், ஆகஸ்டில், செலியும் இறந்தார். அப்போது தெரேசாளுக்கு வயது நான்கு. இரண்டாவது தாயாக அவர் தெரிந்துகொண்டது அக்காள் பொலினை.

ஐந்து வருடத்தில் அந்தத் தாயும் லிசியே கார்மேல் மடத்துக்குப் போய்விட்டார். தெரேசாள் கடும் நோய்வாய்ப்பட்டார். பிறகு மரி சென்றார். 1888-இல், என் வயதில், அதாவது பதினைந்தில், தெரேசாளும் அதே மடத்தில் நுழைந்தார். இனி அக்காள்மாருடன் எந்நேரமும் பேசிக் களிக்கலாம் என்று யாரேனும் நினைத்தால் அது தவறு. கார்மேலில் மௌனம் காக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருந்தும் அக்காளைத் தேடிப் போகாமல், தம்மிடம் முகம் சுளித்த சகோதரியிடம் அன்பாகப் பழகினார் தெரேசாள். ஒரே குடும்பத்தில் இருவருக்கு மேல் மடத்தின் ஆலோசனைக் குழுவில் இடம்பெறக் கூடாது என்பது முறை. மூத்தவர்கள் இருவரும் அதில் இருந்ததால் தெரேசாள் கடைசிவரை நவகன்னியருடனேயே வாழ்ந்தார். கணவன் வீடு தூரத்தால் பிரிக்கிறது என்றால் மடம் ஒழுங்கினால் பிரிக்கிறது. இவ்விரண்டில் எது கடினம் என்று எனக்குத் தெளிவாகவில்லை. அடுத்த அறையில் இருப்பவளிடம் பேசாதிருப்பதே கடினம் என்று என் அக்காள் சொல்கிறாள்.

1893-இல் பொலின் மடத்தின் தலைவியானார். அக்காள் இப்போது மெய்யாகவே 'மதர்'. 1894-இல் தந்தை இறந்தபின் செலினும் அங்கே வந்து சேர்ந்தார். குழந்தைப் பருவ நினைவுகளை எழுதும்படி பொலின் கட்டளையிட, தெரேசாள் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். எழுதி முடித்து 1896 ஜனவரியில் அக்காளிடம் கொடுத்தார். மதருக்குப் பல அலுவல்கள். அதை உடனே படிக்கவில்லை. தங்கையும் அதுபற்றிக் கேட்கவில்லை. 1897-இல், இருபத்து நான்காம் வயதில், தெரேசாள் மரித்தபின் அந்தக் குறிப்புகள் 1898-இல் நூலாயின. 1925-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது அக்காள்மார் நால்வரும் உயிருடன் இருந்தனர்.

ஐவரில் லெயோனி மட்டும் வேறு மடம். பலமுறை முயன்று, 1899-இல் கான் நகரத்து விசிட்டேஷன் மடத்தில் நிலைத்தார். அது பெரியம்மா எலிஸ் இருந்த சபை. லிசியேயிலிருந்த சகோதரிகளுக்கும் அவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்துத்தான், அவர்களுடைய அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இருந்ததைப் போலவே.