திறக்கிறது, மூடவில்லை! – ஷெட் கதவு சொன்ன பாடம்

லவ்டேலில் எங்கள் வீட்டு கார் ஷெட்டுக்கு மோட்டார் ஷட்டர் போட்டிருக்கிறோம். ரிமோட்டை அழுத்தினால் தானாக ஏறும், இறங்கும். டிசம்பர் மாதம் ஒரு மாலை அது மூட மறுத்துவிட்டது. கொஞ்சம் இறங்கும், நிற்கும், திரும்ப மேலே போய்விடும்.

ஷெட்டிலிருந்து சமையலறைக்கு ஒரு கதவு உண்டு. நீலகிரியில் கரடிகள் எண்ணெயைத் தேடி இரவில் வீடுகளுக்கு வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஷட்டரைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்க முடியாது. போனில் கேட்டதற்கு மெக்கானிக், "போர்டு போயிருக்கும், மாத்தணும் சார்" என்றார். பக்கத்து வீட்டு நண்பரோ, "சென்சாரை பைபாஸ் பண்ணிடுங்க" என்றார்.

எனக்குப் பழைய அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ஒரு நாள் விண்டோஸ் பூட் ஆகவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பயந்து சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பின்பக்கம் செருகி மறந்துபோன பென் டிரைவ்தான் காரணம்! அன்று கற்றது இது: எது கெட்டது என்று தேடும் முன், எதெல்லாம் வேலை செய்கிறது என்று பாருங்கள்.

ஷட்டரும் கம்ப்யூட்டர் போலத்தான். ரிமோட்டும் சென்சாரும் இன்புட். போர்டு பிராசஸர். மோட்டார் அவுட்புட். இனி வரிசையாகச் சோதிக்கலாம்.

1. சுவர் சுவிட்ச்

இதை அழுத்தியும் அசைவே இல்லை என்றால் பிளக், எம்.சி.பி. இரண்டையும் பாருங்கள். கதவு அசைந்தால் மின்சாரம் வருகிறது, மோட்டாரும் ஓடுகிறது என்று அர்த்தம்.

2. ரிமோட்

சுவிட்சுக்கு அசைந்து, ரிமோட்டுக்கு அசையாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் இயங்குவது. இதுவோ ரேடியோ, பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். அருகில் அதே அலைவரிசையில் வலுவான ரேடியோ இருந்தாலும் ரிமோட் தடுமாறும். 2004-ல் அமெரிக்காவின் எக்லின் விமானப்படைத் தளத்தில் புதிய ரேடியோ கருவிகளைச் சோதித்தபோது, சுற்றுவட்டார வீடுகளில் பல கராஜ் கதவுகள் ரிமோட்டுக்குத் திறக்கவில்லை.

3. சென்சார்

திறக்கிறது, ஆனால் மூடவில்லை என்றால் சந்தேகம் முதலில் இங்கேதான் விழ வேண்டும். கதவின் இருபுறமும் தரையிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்தில் எதிரெதிராக இரண்டு சென்சார்கள் இருக்கும். நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் போகும். அது தடைபட்டால் 'கீழே யாரோ இருக்கிறார்கள்' என்று எண்ணி போர்டு கதவை இறக்காது.

எங்கள் ஷட்டர் சுவிட்சுக்கும் ரிமோட்டுக்கும் நன்றாகத் திறந்தது. ஆகவே போர்டைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. குனிந்து பார்த்தேன். ஒரு சென்சாரின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. லென்ஸ் முழுக்கப் பனி ஈரம்! உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்ததும் விளக்கு நிலையாக எரிந்தது. கதவும் மூடிக்கொண்டது. மறுநாள் இரண்டு லென்ஸ்களுக்கும் பி.வி.சி. பைப் துண்டில் சிறிய மறைப்பு வைத்தேன். செலவு ஒன்றுமில்லை.

பைபாஸ் வேண்டாம்

வைரஸ் எச்சரிக்கை வருகிறது என்று ஆன்டிவைரஸையே அழிப்பது போன்றது அது. அமெரிக்காவில் தானியங்கிக் கதவுகளில் சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகுதான், 1993 முதல் தயாரான வீட்டுக் கராஜ் கதவுகளுக்கு இத்தகைய பாதுகாப்பு கட்டாயமானது. உங்கள் வீட்டிலும் குழந்தை இருக்கலாம், பூனை இருக்கலாம்.

மூடியைக் கழற்றும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள், அது மெக்கானிக் வேலை. கையால் இயக்கும் சங்கிலி எங்கே இருக்கிறது என்பதை இன்றே பார்த்து வையுங்கள். கரண்ட் போகும் இரவில் அதுதான் கைகொடுக்கும்.