வெயிலுக்குக் காற்றைக் குறைக்கலாமா?

சித்திரை வெயிலில் காரை எடுத்துக்கொண்டு திருச்சிக்குக் கிளம்புகிறீர்கள். "ரோடு கொதிக்குது, டயர்ல காத்தைக் கொஞ்சம் கம்மியா வெச்சுக்குங்க" என்று யாராவது சொன்னால் கேட்பீர்களா?

கேட்காதீர்கள்! காற்று குறைந்த டயர்தான் சீக்கிரம் சூடாகும். சக்கரம் சுற்றச் சுற்ற, டயரின் பக்கவாட்டு ரப்பர் மடங்கி மடங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் அந்த மடிப்பு அதிகம். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கை சுடுமே, அதே கதைதான். நாற்கரச் சாலையில் வேகமும் சேர்ந்தால் டயர் வெடித்துவிடலாம்.

சரி, எவ்வளவு காற்று வேண்டும்? டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவு அதில்தான். டயர் மேலேயே ஓர் எண் இருக்கிறதே என்பீர்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்க வேண்டாம். காலையில் கிளம்பியதுமே, டயர் சூடாவதற்குள், பக்கத்து பங்க்கில் காற்றைப் பார்த்துவிடுங்கள். டிக்கிக்குள் தூங்கும் ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான்!